பிடித்துத் தந்தால் பரிசு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க அடிமை முறை பற்றி வந்த கட்டுரையில், தப்பியோடியவர்களைப் பிடிக்க எசமானர்கள் பத்திரிகையில் கொடுத்த பரிசு அறிவிப்புகளை ஒரு பத்தியில் சொல்லியிருந்தோம். 1704-இல் 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்' தொடங்கிய காலம் முதல் 1865-இல் அடிமை முறை ஒழியும் வரை இத்தகைய விளம்பரங்கள் வந்துகொண்டேயிருந்தன. கட்டுரையின் மற்ற பகுதிகளை விட்டுவிட்டு, அந்த ஒரு பத்தியைப் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எங்கள் வரலாற்றுக் குழுவினர் தந்த பதில்களை இங்கே தருகிறோம்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்விக வீட்டின் முகப்பையும் இரண்டாம் கட்டையும் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறோம். காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் பிரேம் போட்ட ஆங்கில நோட்டீஸ் வாங்கினோம். மேலே கொட்டை எழுத்தில் '100 டாலர் பரிசு'. கீழே 1769, வர்ஜீனியா, தாமஸ் ஜெஃபர்சன் என்று பெயர். தாள் நன்றாகப் பழுப்பேறி, ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. அசல் என்கிறார் கடைக்காரர். எப்படிச் சரிபார்ப்பது? முகப்பில் மாட்டலாமா?

பதில்: கையில் வாங்கிப் பார்க்காமலே சொல்லலாம், அது அசல் இல்லை. கடைக்காரரும் ஏமாந்திருக்கலாம். அமெரிக்கச் சுற்றுலாத் தலங்களில் இப்படிப் பழுப்புத் தாளில் அச்சடித்த நகல்கள் நினைவுப் பொருளாக விற்கின்றன. அவற்றில் ஒன்று பெட்டியோடு பெட்டியாக இங்கே வந்திருக்கும்.

முதல் சிக்கல் பணம். 1769-இல் வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனி. கணக்கு வழக்கெல்லாம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலரும் புழங்கியது, சில விளம்பரங்களில் டாலர் என்றே வருவதும் உண்டு. ஆனால் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் அந்த ஆண்டு கொடுத்த விளம்பரம் இன்றும் கிடைக்கிறது. அதில் டாலரும் இல்லை, 100-உம் இல்லை. அடுத்து எழுத்து. தடித்த கொட்டை எழுத்துகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தன. சுவரொட்டிக்கான பெரிய மர எழுத்துகளை அமெரிக்காவில் தொழில்முறையில் செய்யத் தொடங்கியது 1827 வாக்கில். 1769 என்று போட்ட தாளில் அந்த எழுத்து இருக்க வழியில்லை. மூன்றாவது அளவு. அசல் விளம்பரம் பத்திரிகையின் ஒரு பத்திக்குள், நாலு விரல் அகலத்தில், கப்பல் சரக்கு விளம்பரத்துக்கும் நிலம் விற்பனைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. தனித் துண்டறிக்கைகளும் அச்சானதுண்டு, ஆனால் தப்பிப் பிழைத்தவை மிகக் குறைவு.

வேறு தாள் எதையாவது சோதிக்க நேர்ந்தால் வைரக் கடைகளில் கிடைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். எழுத்தின் ஓரத்தையும் படத்தையும் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருந்தால் இக்கால ஆஃப்செட் அச்சு. அதோடு சோதனை முடிந்தது. ஈய எழுத்தை அழுத்தி அச்சடித்த தாளில் மை எழுத்தின் விளிம்பில் பிதுங்கி, நடுவில் சற்று வெளிறியிருக்கும். தாளின் பின்பக்கத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து புடைத்துத் தெரியும். பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கையால் செய்த தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் கோடுகளும் நீர்க்கோலமாகத் தெரியும். பத்திரிகையிலிருந்து வெட்டியது என்றால் பின்பக்கத்திலும் அச்சு இருந்தாக வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது நிறத்தில்தான். பழுப்பேறினால் பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத் தாள் பழந்துணியைக் கூழாக்கிச் செய்தது. லினன், பருத்தி நார் என்பதால் 250 ஆண்டுக்குப் பிறகும் வெளுப்பாகவும் துவளாகவும் இருக்கும். பழுப்பேறி, மடித்தால் உடைவது மரக்கூழ்த் தாள். அது பத்திரிகைகளில் பரவியது 1860-களுக்குப் பிறகு. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் 1950-களின் நாளிதழ் இருந்தால் அது அசல் 1769 தாளைவிடக் கிழடாகத் தெரியும். ஓரம் கருகியிருப்பது தேயிலைச் சாயம் அல்லது தீக்குச்சி வேலை.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். 1800-க்கு முன் அச்சானவற்றில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து, குறுக்குக் கோடு பாதியான 'எஃப்' போல நீண்டிருக்கும். எல்லா 'எஸ்'ஸும் இன்றைய வடிவில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எதுவானாலும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். முகப்பில் மாட்டுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு மனிதரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவரச் சொல்லும் தாளுக்குக் கீழே நின்று விருந்தாளிக்குப் பன்னீர் தெளிப்பது நன்றாக இருக்காது. புத்தக அறை இருந்தால் அங்கே வைத்து, 'நகல்' என்று எழுதிய அட்டையையும் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: ஜெஃபர்சன் கொடுத்த அசல் விளம்பரத்தில் என்னதான் இருந்தது? அதை எப்படிப் படிக்க வேண்டும்? (வரலாறு முதுகலை மாணவி, காரைக்குடி)

பதில்: 1769 செப்டம்பர் 14 தேதியிட்ட 'வர்ஜீனியா கெஸட்'டில் வந்தது. சாரத்தைத் தமிழில் தருகிறோம்:

'ஆல்பமார்ல் வட்டாரத்தில் கீழே கையொப்பமிட்டவரிடமிருந்து சாண்டி என்னும் கலப்பின அடிமை ஓடிவிட்டான். வயது சுமார் 35. குள்ளம், சற்றுப் பருமன், வெளிர் நிறம். செருப்புத் தைக்கும் தொழில், அதில் பெரும்பாலும் இடக்கையையே பயன்படுத்துவான். முரட்டுத் தச்சு வேலையும் தெரியும், குதிரை ஓட்டத்திலும் பழக்கம் உண்டு. குடிப்பவன், குடித்தால் திமிராக நடப்பான். பேச்சில் வசை அதிகம், நடத்தையில் தந்திரக்காரன். வெள்ளைக் குதிரை ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறான், அதை விற்கப் பார்ப்பான். செருப்புத் தைக்கும் கருவிகளும் அவனிடம் உண்டு, அதைக் கொண்டு வேலை தேடலாம். என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு இந்த வட்டாரத்துக்குள் பிடித்தால் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறெங்காவது பிடித்தால் 4 பவுண்டு, வேறு காலனியில் பிடித்தால் 10 பவுண்டு.'

இதில் மூன்று வகைச் செய்தி கலந்திருக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

உடல் அடையாளம், தொழில், கொண்டுபோன பொருள் ஆகியவை முதல் வகை. ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதால் எசமானர் இங்கே பொய் சொன்னால் நட்டம் அவருக்குத்தான். அதனால் இது ஓரளவு நம்பத்தக்கது. இடக்கைப் பழக்கத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாண்டி பெயரை மாற்றிக்கொள்ளலாம், சட்டையை மாற்றலாம். ஊசி பிடிக்கும் கையை மாற்ற முடியாது. புதிதாக வந்த செருப்புத் தொழிலாளி எவரையும் பட்டறையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை எசமானரின் தீர்ப்பு. குடி, திமிர், தந்திரம் என்பவை வருணனை போலத் தோன்றும், ஆனால் கோபக்காரரின் வாக்குமூலம். இதே 'தந்திரக்காரன்' என்ற சொல் நூற்றுக்கணக்கான விளம்பரங்களில் வருகிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், வெள்ளையரின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்பவர் எல்லோருக்கும் இதே பட்டம்தான்.

மூன்றாவது ஊகம், அதாவது எங்கே போவான், என்ன செய்வான் என்பது. வரலாறு படிப்பவருக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுதான். 1772-இல் லண்டனில் சாமர்செட் வழக்கின் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்து மண்ணிலிருந்து ஓர் அடிமையை வலுக்கட்டாயமாகக் கப்பலேற்ற முடியாது என்றார் நீதிபதி. 1774 ஜூனில் 'வர்ஜீனியா கெஸட்'டில் பாக்கஸ் என்பவரைத் தேடும் விளம்பரம், அவர் ஜான் கிறிஸ்டியன் என்று பெயர் வைத்துக்கொண்டு சுதந்திர மனிதராக நடித்து, பிரிட்டனுக்குக் கப்பலேறப் பார்ப்பார் என்றும், சாமர்செட் தீர்ப்பு அவருக்குத் தெரியும் என்றும் சொல்கிறது. கடலுக்கு அப்பால் நடந்த வழக்கு இரண்டே ஆண்டில் வர்ஜீனியாவின் உள்நாட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவரின் காதுக்கு எட்டியிருக்கிறது. வேறெந்த ஆவணத்திலும் இதற்குச் சான்று தேடுவது கடினம். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு, புரட்சிக்காரர்களின் அடிமைகள் ஆயுதம் தாங்கிப் பிரிட்டிஷ் தரப்புக்கு வந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதன் பிறகு வந்த விளம்பரங்களில் 'டன்மோரிடம் போயிருக்கலாம்' என்ற ஊகம் சேர்ந்துகொள்கிறது.

சாண்டி அகப்பட்டார். 1773-இல் ஜெஃபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றார். 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்ற அமெரிக்க விடுதலைப் பிரகடனம் எழுதப்பட்டது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, அதே கையால்.

கேள்வி: 40 ஷில்லிங், 10 பவுண்டு என்றால் இன்றைய ரூபாயில் எவ்வளவு வரும்? (மூன்று தலைமுறையாகப் பேரேடு எழுதும் குடும்பம், தேவகோட்டை)

பதில்: ரூபாயாக்கினால் ஏதோ ஒரு எண் வரும், பொருள் வராது. வர்ஜீனியா பவுண்டும் லண்டன் பவுண்டும்கூட ஒன்றல்ல. காலனிப் பணத்துக்கு மதிப்புக் குறைவு. உங்கள் வீட்டுப் பழைய கணக்கில் ரங்கூன் வரவையும் ஊர் வரவையும் பார்ப்பது போல, அந்தக் காலத்துப் பொருளோடு அந்தக் காலத்துப் பொருளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். அன்று 'வர்ஜீனியா கெஸட்' ஆண்டுச் சந்தா 12 ஷில்லிங் 6 பென்ஸ். அளவான விளம்பரத்துக்கு முதல் வாரம் 3 ஷில்லிங், அடுத்த ஒவ்வொரு வாரத்துக்கும் 2 ஷில்லிங். ஆக, மூன்று வாரம் விளம்பரம் போட 7 ஷில்லிங் ஆகும். 40 ஷில்லிங் பரிசு என்பது மூன்று ஆண்டுச் சந்தாவுக்குக் கொஞ்சம் மேல். உச்சப் பரிசான 10 பவுண்டு, சாண்டியைப் பின்னால் விற்ற விலையில் பத்தில் ஒரு பங்கு. பிடித்து வருபவருக்கு 10 சதவீதத் தரகு என்று உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

தொகை தூரத்தோடு ஏறுவதையும் கவனியுங்கள்: 2, 4, 10 பவுண்டு. எல்லை தாண்டினால் பிடிப்பவரின் பயணச் செலவும் சிறைக் கட்டணமும் ஏறும். அதைவிட, எல்லை தாண்டியவர் கைக்கு வராமலே போகும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எல்லா நோட்டீஸிலும் தோளில் மூட்டை மாட்டிய குச்சியோடு ஓடும் ஒரே படம் ஏன்? (புதுவயல்)

பதில்: அது ஆளின் படம் இல்லை, அச்சகத்தின் சரக்கு. கப்பல் விளம்பரத்துக்குக் கப்பல் அச்சு, வீடு விற்பனைக்கு வீட்டு அச்சு, ஓடியவருக்கு இந்த அச்சு. முதலில் மரக்கட்டையில் செதுக்கினார்கள். பின்னர் எழுத்து வார்ப்போர் உலோகத்தில் வார்த்து எல்லா ஊருக்கும் விற்றார்கள். மூட்டை வைத்திருக்கும் பெண் உருவமும் தனியாக உண்டு. வரிகளுக்கு நடுவே கண்ணை இழுக்க அது போதும். பத்திரிகையில் புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் முறை 1880-களில்தான் வந்தது, ஆகவே புகைப்படம் அச்சான பரிசு அறிவிப்பு எதுவும் அசலாக இருக்க முடியாது. அபூர்வமாக, 1863-இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் டாலி என்ற பெண்ணைத் தேடி லூயி மானிகோ என்பவர் கையால் எழுதிய அறிவிப்பில் அந்தப் பெண்ணின் புகைப்படத்தையே ஒட்டியிருந்தார்.

கேள்வி: பிடித்தவர் பரிசை எப்படி வாங்கினார்? இடையில் நீதிமன்றம் உண்டா? (வழக்கறிஞர், தேவகோட்டை)

பதில்: எசமானர் கையெழுத்திட்ட 'பாஸ்' இல்லாமல் சாலையில் போகும் கறுப்பின அந்நியர் எவரையும் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பிடித்தவர் உள்ளூர் நீதிபதியிடம் கொண்டுபோவார், அவர் மாவட்டச் சிறைக்கு அனுப்புவார். விளம்பரப் பரிசு ஒருபுறம். சட்டப்படியான கூலி மறுபுறம். வர்ஜீனியாவின் 1705 சட்டப்படி 10 மைலுக்கு அப்பால் பிடித்தால் 200 பவுண்டு எடை புகையிலை (அங்கே அது பணமாகவும் செல்லும்), 5 மைலுக்கு மேல் 10-க்குள் என்றால் 100 பவுண்டு எடை. 1761-இல் ஜார்ஜ் வாஷிங்டன் நால்வரைத் தேடிக் கொடுத்த விளம்பரத்தில் 'சட்டம் தருவதோடு கூடுதலாக 40 ஷில்லிங்' என்று எழுதியது இதைத்தான்.

எசமானர் யாரென்று தெரியாவிட்டால் சிறைக் காவலர் எதிர்விளம்பரம் கொடுப்பார்: 'இன்ன அடையாளமுள்ளவன் இங்கே அடைபட்டிருக்கிறான், உரியவர் வந்து உரிமையை நிரூபித்து, செலவைக் கட்டி, அழைத்துப் போகவும்.' யாரும் வராவிட்டால் சிறைச் செலவுக்காக ஏலம். இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய ஓட்டை இங்கேதான். சட்டப்படி சுதந்திரமான கறுப்பினத்தவர் கையில் தாள் இல்லாததால் அடைபட்டு, தன்னை அடைத்து வைத்த செலவுக்கே விற்கப்பட முடியும்.

ஓடுபவர்களுக்கும் இது தெரியும். தொலைதூர ஊர் எசமானர் பெயரைப் பொய்யாகச் சொல்லிக் காலம் கடத்தியவர்கள் உண்டு. எழுதத் தெரிந்தவர்கள் பாஸைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 'எழுதத் தெரியும், போலிப் பாஸ் வைத்திருக்கலாம்' என்ற எச்சரிக்கை அடிக்கடி வருவது அதனால்தான்.

மாநில எல்லை தாண்டினால் அரசியல் சாசனமே எசமானர் பக்கம் நின்றது. நாலாம் பிரிவு, ஓடி வந்தவரைத் திருப்பித் தர வேண்டும் என்றது. 1793 சட்டம் தடுப்பவருக்கும் ஒளித்து வைப்பவருக்கும் 500 டாலர் அபராதம் விதித்தது. 1850 சட்டம் அதை 1,000 டாலரும் ஆறு மாதச் சிறையும் ஆக்கியது. வழக்கறிஞர் என்பதால் உங்களுக்கு இது பிடிபடும்: அந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவரின் சாட்சியம் செல்லாது. விசாரிக்கும் கமிஷனர் அவரைத் திருப்பி அனுப்பினால் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள்.

கேள்வி: 'எந்தக் காரணமும் இல்லாமல் ஓடிவிட்டாள்' என்று பல அறிவிப்புகளில் வருகிறதே, அது உண்மையா? (ஆத்தங்குடி)

பதில்: இந்த வரி வரும்போதெல்லாம் பேனா யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டனின் 1761 விளம்பரத்தில் பெரோஸ், ஜாக், நெப்டியூன், கியூபிட் நால்வரும் 'சிறு சச்சரவோ மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லோ இல்லாமல்' போனார்கள் என்று இருக்கிறது. இவர்களில் நெப்டியூனும் கியூபிடும் 1759-இல் ஆப்பிரிக்கக் கப்பலிலிருந்து வாங்கப்பட்டவர்கள். இரண்டே ஆண்டில் புரியாத ஆங்கிலம் பேசிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். நெப்டியூனின் பற்கள் கூராக அராவப்பட்டிருந்தன, தோள் முதல் இடுப்பு வரை சிறு புள்ளித் தழும்புகள் இருந்தன என்கிறது விளம்பரம். அது அவர் ஊர் வழக்கம். காரணம் தெரியவில்லை என்று எழுதியவர், காரணத்தை அதே விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறார்.

1796 மே மாதம் பிலடெல்பியாவில், வாஷிங்டன் அதிபராக இருந்தபோது, அதிபர் மாளிகையிலிருந்தே ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் தப்பினார். மாளிகைக் காரியக்காரர் ஃபிரெடரிக் கிட் கொடுத்த விளம்பரம் 10 டாலர் பரிசு அறிவித்தது. சுமார் 20 வயது, மாற்றுடைகள் ஏராளம், கப்பல் கட்டணம் கொடுக்கப் பணம் உண்டு, போவதற்குத் தூண்டுதல் எதுவும் இல்லை என்றது. 1840-களில் ஓனாவே பத்திரிகையாளர்களிடம் பேசினார். தன்னை மார்த்தா வாஷிங்டனின் பேத்திக்குக் கொடுக்கப் போவதாகத் தெரிந்தது. குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறினேன் என்றார். நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன அவரை ஆள் அனுப்பியும் மீட்க முடியவில்லை. 1848-இல் அங்கேயே இறந்தார்.

1835 ஜூனில் வட கரோலினாவின் ஈடன்டன் நகர மருத்துவர் ஜேம்ஸ் நார்கம், ஹாரியட் ஜேக்கப்ஸைப் பிடித்துத் தர 100 டாலர் அறிவித்தார். 'தெரிந்த காரணமோ தூண்டுதலோ இல்லாமல்' என்ற அதே வரி. வடக்கே போவாள் என்ற ஊகம். அவர் வடக்கே போகவில்லை. அதே ஊரில் பாட்டி வீட்டுக் கூரைக்கும் பரணுக்கும் நடுவே, 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலும் 3 அடியே இருந்த பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்துவிட்டு 1842-இல் தப்பினார். பல ஆண்டு தன்னைத் துரத்தித் தொல்லை செய்தது அந்த மருத்துவரேதான் என்று 1861-இல் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

எசமானர் சொன்னதும் ஓடியவர் சொன்னதும் இரண்டுமே நமக்குக் கிடைத்த சில இடங்களில் இதுதான் நிலை. மற்ற ஆயிரமாயிரம் பேருக்கு முதல் பாதி மட்டும்தான் மிச்சம்.

கேள்வி: ஹாரியட் டப்மன் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்களாமே? (பள்ளத்தூர்)

பதில்: தானும் தப்பி, பிறகு பல அடிமைகளையும் தப்ப வைத்தவர் டப்மன். ஆனால் அப்படி ஓர் அறிவிப்பை இதுவரை யாரும் காட்டியதில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள், 1865-இல் அதிபர் லிங்கனைச் சுட்டவனுக்கு அரசு அறிவித்ததே 50,000 டாலர்தான். கிடைத்திருப்பது 1849 அக்டோபர் 3 தேதியிட்ட விளம்பரம். 'மிண்டி, வயது சுமார் 27, செம்பழுப்பு நிறம், நல்ல தோற்றம், உயரம் சுமார் 5 அடி' என்று, அப்போது மிண்டி என்று அழைக்கப்பட்ட ஹாரியட்டையும், கூடவே சகோதரர்கள் பென், ஹாரி இருவரையும் தேடுகிறது. மேரிலாந்து மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளே என்றால் 50. பால்டிமோர், ஈஸ்டன், கேம்பிரிட்ஜ் சிறைகளில் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். கடைசி வரியில் டெலவேர் பத்திரிகை இதை மூன்று வாரம் எடுத்துப் போட்டுவிட்டுக் கட்டணத்தை இந்த அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்று இருக்கும். விளம்பரம் மாநிலம் தாண்டியது இப்படித்தான். அந்த முறை சகோதரர்கள் மனம் மாறித் திரும்பிவிட்டார்கள். ஹாரியட் மறுபடி தனியாகக் கிளம்பினார்.

கேள்வி: அந்த விளம்பரங்களில் நம் நாட்டவர் யாராவது உண்டா? (கொத்தமங்கலம்)

பதில்: உண்டு. 1776 ஜூலையில் 'வர்ஜீனியா கெஸட்'டில் ஜான் நியூட்டன் என்ற பணியாளரைத் தேடும் விளம்பரம் வந்தது. பிறப்பால் ஆசிய இந்தியர், வயது சுமார் 20, நீண்ட கருமுடி, வர்ஜீனியாவுக்கு வந்து 12 மாதம், அதற்கு முன் இங்கிலாந்தில் சர் சார்லஸ் விட்வொர்த்திடம் 10 ஆண்டு வேலை, முடி திருத்துவதில் தேர்ந்தவர் என்கிறது. கணக்குப் பார்த்தால் எட்டு ஒன்பது வயதில் கப்பலேற்றப்பட்டிருக்கிறார். இந்தியாவில் எந்தக் கரை என்பதை விளம்பரம் சொல்லவில்லை, ஆகவே தமிழர் என்று உரிமை கொண்டாட இடமில்லை.

இதே பாணி விளம்பரங்கள் 1780-களின் கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகைகளிலும் உண்டு. ஓடிப்போன அடிமைச் சிறுவர்களைத் தேடிக் கம்பெனி வெள்ளைக்காரர்கள் கொடுத்தவை. இந்தியாவில் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது. தமிழ்நாட்டு ஆளோலைகளை, அதாவது ஆளை அடிமையாக விற்று எழுதிய ஓலைகளை, தனியாக ஒரு இதழில் பார்ப்போம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செயல்முறைப் பாடமாக நடத்த விரும்புகிறேன். ஆளுக்கொரு பரிசு அறிவிப்பு எழுதச் சொல்லலாமா? (ஆசிரியை, கோட்டையூர்)

பதில்: அறிவிப்பு எழுதச் சொல்லாதீர்கள், டீச்சர். எழுதும் பிள்ளை முக்கால் மணி நேரம் எசமானர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரைப் பிடிக்க யோசிக்கும். அழகாக எழுதியவருக்குக் கைதட்டலும் கிடைக்கும். அதற்குப் பதில் படிக்கக் கொடுங்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'ஃப்ரீடம் ஆன் தி மூவ்' தளத்தில் ஆயிரக்கணக்கான அசல் விளம்பரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு எடுத்து, எளிய தமிழில் சுருக்கி, இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஓடிய தேதி, விளம்பரத் தேதி, வயது, தொழில், பேசும் மொழி, கொண்டுபோன பொருள், எங்கே போவார் என்ற ஊகம், உள்ளூர்ப் பரிசு, வெளியூர்ப் பரிசு என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கொண்டுபோன பொருளில் நேரம் செலவழியுங்கள். ஒருவர் மூன்று சட்டை எடுத்துப் போனால் ஏன்? அணிந்திருந்த முரட்டுத் துணிதான் அடிமை என்று காட்டிக்கொடுக்கும். மாற்றுச் சட்டை வேஷமும் ஆகும், வழியில் விற்றால் காசும் ஆகும். பிடில் எடுத்துப் போனவர்களும் நிறைய. உங்கள் பிள்ளைகள் பெரியவர்களைவிட நல்ல காரணம் சொல்வார்கள்.

1804-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் கொடுத்த விளம்பரத்தை ஒன்பதாம் வகுப்புக்குத் தரலாமா என்பது உங்கள் முடிவு. 50 டாலர் பரிசோடு, பிடித்தவர் கொடுக்கும் ஒவ்வொரு நூறு கசையடிக்கும் 10 டாலர், 300 அடி வரை என்கிறது அது. எழுதியவர் பின்னாளில் அமெரிக்காவின் ஏழாவது அதிபர். பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் தயங்காமல் கொடுங்கள்.

கணக்கெடுக்கும்போது இரண்டு இடத்தில் பிசகும். 'சுமார் 5 அடி 8 அங்குலம்' என்பதை அளந்த அளவாக எடுத்துச் சராசரி போடுவார்கள். அது கண்மதிப்பு, உயரம், நடுத்தரம், குள்ளம் என்று மட்டும் பிரித்தால் போதும். இன்னொன்று, ஒரே விளம்பரம் மூன்று நாலு வாரம் தொடர்ந்து வரும். அதைக் கவனிக்காமல் எண்ணினால் ஒரே ஆள் நாலு ஆளாகிவிடுவார். முதலில் பெயரையும் ஓடிய தேதியையும் ஒப்பிட்டு மறுபதிப்புகளைக் கழித்துவிட்டு, அதன் பிறகு கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள்.